மையத்தில் தயாராகும் மொழியியல்: ஒரு மறுப்பு

தொடக்கநிலை மொழியியல் எங்கும் ஒன்றே. ஆகவே அதை நன்கறிந்த ஒருவர் வசதியுள்ள ஒரு நிறுவனத்தில் ஒரு முறை கற்பித்து, பதிவு செய்து, இணையத்தில் ஏற்றிவிட்டால் மற்றக் கல்லூரிகளுக்குப் பாடப்பொருள் பற்றிய கவலை தீர்ந்தது என்ற கருத்து இன்று உயர்கல்வித் துறையில் ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலவுகிறது. 2003-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல், பல்கலைக்கழக மானியக் குழுவின் முயற்சியால் முதுகலைப் பாடங்களுக்கென உருவான இ-பிஜி பாடசாலை, 2017-இல் தொடங்கப்பட்ட சுவயம் ஆகிய மூன்றிலும் மொழியியல் பாடங்கள் இடம்பெற்றுள்ளன. மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை சுவயம் வழியாகப் பயில இடமளிக்கின்றன. எனவே இது வெறும் கருத்தாக நிற்கவில்லை. கல்லூரியின் கால அட்டவணையைத் தீர்மானிக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு.

இக்கருத்தை முன்வைப்போரின் வாதங்களை அவற்றின் முழு வலுவோடு எடுத்துக்கொள்வதே முறை. ஒலியன், உருபன், தொடரமைப்பு, பொருண்மை ஆகிய கோட்பாடுகள் ஊருக்கு ஊர் மாறுவன அல்ல என்பது முதல் வாதம். மொழியியலில் முறையான பயிற்சி பெற்றோர் குறைவு; தமிழிலக்கியத்திலோ ஆங்கில இலக்கியத்திலோ பட்டம் பெற்றுவிட்டு மொழியியல் தாளையும் சேர்த்து நடத்தும் கல்லூரி ஆசிரியர் தாமே பாடம் எழுதினால் பிழைகள் பெருகும் என்பது இரண்டாவது. ஏற்கெனவே இருப்பதை மீண்டும் செய்வது பொதுப்பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும் என்பது மூன்றாவது. கல்லூரி ஆசிரியருக்கு அதற்கான நேரமே இல்லை என்பது நான்காவது. தனித்தனியே பார்த்தால் இந்நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றைக் கூட்டி, பாடம் மையத்தில் உருவாக வேண்டும், கல்லூரி அதைப் பெற்றுக்கொண்டால் போதும் என்று எடுக்கப்படும் முடிவு தவறானது. தொடக்கநிலை மொழியியலுக்குப் பகிர்ந்துகொள்ளும் இணையப் பாடப்பொருள் கட்டாயம் வேண்டும்; அதைப் பல கல்லூரிகள் கூடி, தத்தம் வட்டாரத்துப் பேச்சைத் தரவாகக் கொண்டு, யாரும் திருத்தி எடுத்துக்கொள்ளும் உரிமையோடு உருவாக்க வேண்டும் என்பதே இங்கே நிறுவப்படுவது. இதற்கு விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் போதிய சான்று தருகின்றன. மொழியியல் துறையே இல்லாத கல்லூரிகள் சூழ்ந்த இவ்விரு ஊர்களும், மொழியியல் மாணவனுக்கு வேண்டிய தரவு மிகுந்தவை.

1. கோட்பாடு பொது என்றால் எடுத்துக்காட்டும் பொதுவாகிவிடுமா? மைய வாதத்தின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிமுக நூல்களில் பெரும்பாலானவை மாற்றொலியை, அதாவது ஒரே ஒலியன் இடத்துக்கேற்ப வேறு வேறாக ஒலிப்பதை, 'பின்', 'ஸ்பின்' என்ற இரு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு விளக்குகின்றன. முதற்சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரம் மூச்சுக்காற்றோடு வெளிப்படும், இரண்டாவதில் அவ்வாறு வெளிப்படாது, ஆங்கிலம் பேசுவோர் இவ்வேறுபாட்டை உணர்வதேயில்லை என்பது அவ்விளக்கத்தின் சாரம். தாய்மொழியாளர் தம் வாயிலேயே அறியாமல் செய்துவரும் ஒன்றைக் கண்டுபிடித்து வியக்கும் அந்தக் கணத்தில்தான் கோட்பாடு மனத்தில் பதிகிறது. ஆனால் தமிழ் மாணவர் ஆங்கிலம் பேசும்போது இரு சொற்களிலும் மூச்சின்றியே பகரத்தை ஒலிப்பது வழக்கம். அவருடைய பேச்சில் இல்லாத ஒரு வேறுபாட்டை அவர் அறியாமல் செய்வதாகச் சொல்லிக் கற்பித்தால், அவருக்கு எஞ்சுவது மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு வரையறை மட்டுமே. விளக்கும் பேராசிரியர் எவ்வளவு தேர்ந்தவராயினும் இந்த எடுத்துக்காட்டு இந்த வகுப்பறையில் வேலை செய்யாது.

அதே கோட்பாட்டுக்குத் தமிழில் பொருத்தமான வாயில்கள் பல உண்டு. 'கல்', 'தங்கம்', 'மகன்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே எழுத்தாக இருப்பினும் ஒலி மூன்று வகைப்படுவதை மாணவர் தம் தொண்டையில் கை வைத்தே உணரலாம். 'நாடு' என்பதன் ஈற்று உகரமும் 'நடு' என்பதன் ஈற்று உகரமும் ஒன்றல்ல என்பதைத் தமிழிலக்கண வகுப்பில் குற்றியலுகரம், முற்றியலுகரம் என்று அவர் படித்தே இருக்கிறார். ஓர் ஒலி வரும் இடத்தில் மற்றது வராமை என்னும் துணைநிலை வழக்கைத் தொல்காப்பிய மரபு தனக்குரிய முறையில் கண்டறிந்திருந்ததை அங்கே சுட்டினால், மாணவரிடம் தனித்தனியாகக் கிடந்த இரு படிப்புகள் ஒன்றோடொன்று இணையும். ஆங்கிலத் தரவின்மேல் அமைந்த மையப் பாடத்தில் இந்த இணைப்புக்கு இடமில்லை.

ராஜபாளையத்து வகுப்பறை இதைவிடவும் ஒரு படி மேலே செல்லக்கூடியது. அவ்வூர்ப் பெயருக்குக் காரணமான ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோர். வேறு பல சமூகத்தாரின் வீட்டு மொழியும் அதுவே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 42 லட்சம் பேர். தெலுங்கில் 'கால்' என்னும் உறுப்பைக் குறிக்கும் 'காலு' வேற்றுமைப் பொருளில் 'காலி' என வரும். காற்றைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் எழுதினால் 'காலி'தான், ஆனால் அதன் முதலெழுத்து 'தங்கம்' என்பதில் வரும் ககரத்தைப்போல அதிர்வோடு ஒலிக்கும். ஓர் ஒலி மட்டும் வேறுபட்டுப் பொருள் மாறும் இத்தகைய இணைதான் இரு ஒலிகள் வெவ்வேறு ஒலியன்கள் என்பதற்குச் சான்று. தமிழில் மாற்றொலியாக நிற்கும் அதே வேறுபாடு தெலுங்கில் ஒலியனாக நிற்பதை, ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இரு மாணவர்கள் தம் வீட்டுப் பேச்சைக் கொண்டே நிறுவ முடியும். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் பன்னாட்டு ஒலியெழுத்து முறை எதற்கு என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைக்கிறது. அதன்பின் 'பாவம்' என்பதை இரக்கப் பொருளிலும், முகபாவனைப் பொருளிலும் சொல்லிப் பார்த்தால், கடன்சொற்களால் இன்றைய தமிழிலும் அவ்வேறுபாடு ஒலியன் ஆகிவருகிறதா என்ற கடினமான வினாவுக்கு வகுப்பு தானாகவே வந்து சேரும். இத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் பாடம்.

உருபனியலிலும் நிலைமை இதுவே. பொதுத் தெலுங்கில் 'அவன் வந்தான்' என்பதற்கு 'வாடு வச்சாடு' என்றும், பெண்ணாயினும் பொருளாயினும் வினைமுற்று 'வச்சிந்தி' என்றும் வரும்; அதாவது ஒருமையில் ஆண்பால் ஒரு பக்கமும் மற்றெல்லாம் மறுபக்கமும் நிற்கும். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என மூன்று. பல தலைமுறைகளாகத் தமிழ்ச் சூழலில் வழங்கிவரும் ராஜபாளையத்துத் தெலுங்கு இப்பாகுபாட்டை அப்படியே காக்கிறதா, தமிழின் தாக்கத்தால் நெகிழ்ந்திருக்கிறதா என்பது மாணவர் அன்று மாலையே பாட்டியிடம் கேட்டு விடை காணத்தக்க வினா. விடை எதுவானாலும் பாடம் நடக்கும். மையப் பாடப்பொருளில் இவ்வினா இடம்பெற வழியில்லை, ஏனெனில் அதை எழுதுபவருக்கு இப்படியொரு வகுப்பறை இருப்பதே தெரியாது.

2. 'ஏற்கெனவே எல்லாம் இருக்கிறதே' என்போர், எது இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இருப்பவை பெரும்பாலும் முடிந்த பொருள்கள். ஒரு மணி நேரக் காணொளியில் இருபதாம் நிமிடத்தில் வரும் ஓர் எடுத்துக்காட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவருக்குப் பொருந்தவில்லை என்றால், அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க ஆசிரியரால் இயலாது. பார்க்கும் உரிமை வேறு, மாற்றும் உரிமை வேறு; பகிர்வு என்ற பெயரில் முன்னது மட்டும் வழங்கப்படும்போது உண்மையில் நடப்பது விநியோகமே. 2001-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என அறியப்படும் நிறுவனத்தின் பாடங்களில் இலக்கணமும் தமிழ் மொழி வரலாறும் எழுத்து வடிவில் இருப்பது பெரிய பேறு; ஆனால் அங்கும் வாசகர் வாசகராகவே இருந்தாக வேண்டும்.

ஒப்புநோக்க ஒரு நூலைச் சொல்லலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் ஆண்டர்சன் 2018-இல் வெளியிட்ட 'எசென்ஷியல்ஸ் ஆஃப் லிங்விஸ்டிக்ஸ்' என்ற இணைய அறிமுகநூல், பிறர் மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமத்தோடு வந்தது. 2022-இல் வெளியான இரண்டாம் பதிப்பில் பல பல்கலைக்கழக ஆசிரியர்கள் இணையாசிரியர்களாகச் சேர்ந்து, நூலின் தரவையும் அணுகுமுறையையும் விரிவாக்கினார்கள். நான்கே ஆண்டுகளில் ஒருவர் நூல் ஒரு குழுவின் நூலாயிற்று. அதைத் தமிழில் பெயர்த்துவிட்டால் போதும் என்று சொல்வதற்காக இது குறிப்பிடப்படவில்லை. அவ்வாறு செய்தால் 'பின்', 'ஸ்பின்' சிக்கலே தமிழெழுத்தில் திரும்ப வரும். அந்நூலிடமிருந்து கற்கவேண்டியது அதன் உரிமமும் அது வளர்ந்த முறையும்.

3. கல்லூரி ஆசிரியர் வல்லுநர் அல்லர் என்ற வாதம் எல்லாவற்றிலும் வலுவானது. ஆதலால் நின்று பதில் சொல்ல வேண்டியது. ஒலியனையும் எழுத்தையும் குழப்புதல், பேச்சு வழக்கைப் 'பிழையான மொழி' எனக் கற்பித்தல், எல்லா மொழிக்கும் தமிழே மூலம் என்று மொழியியல் வகுப்பிலேயே முழங்குதல் முதலியன தமிழ்நாட்டு வகுப்பறைகளில் நடக்காதவை அல்ல. ஆனால் இக்குறைக்கு மருந்தாக மையப் பாடத்தைக் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிழையாகக் கற்பிக்கும் ஆசிரியரைக் காணொளி திருத்துவதில்லை. அவரை ஓரமாக உட்கார வைக்கிறது. காணொளி முடிந்தபின் மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்பவர் மறுபடியும் அவரே. கூட்டாகப் பாடம் எழுதும்போதோ அவருடைய பிழை மற்றவர் கண்ணில் படுகிறது, விவாதிக்கப்படுகிறது, திருத்தப்படுகிறது. பிழை வெளியே தெரியவரும் அமைப்பே அதைக் குறைக்கும்.

மேலும், வல்லமை என்பது இத்துறையில் இரு கூறுகள் கொண்டது: கோட்பாட்டறிவு ஒன்று, தரவறிவு மற்றொன்று. முன்னதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் உயராய்வு மையமும், 1969-இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இருக்கின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிகள் பலவும் இணைந்துள்ள இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக 1966-இல் பொறுப்பேற்ற தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியல் அறிஞர் என்பதும், அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்த முத்துச்சண்முகன் 'இக்கால மொழியியல்' என்ற தமிழ் அறிமுகநூலை எழுதினார் என்பதும் பலருக்கு மறந்தே போயின. பின்னதற்கு எந்த மையமும் போதாது. ராஜபாளையத்துக்குத் தெற்கே 'அவுக வந்தாக' என்னும் வடிவம் எவ்வளவு தூரம் வழங்குகிறது, 'அவங்க வந்தாங்க' எங்கிருந்து மேலோங்குகிறது, 'வாழைப்பழம்' என்பதன் ழகரம் எந்தெந்த வாய்களில் ளகரமாகிறது என்பனவற்றை அங்கே பாடம் நடத்துபவர் அறியும் அளவுக்குச் சென்னையிலோ கான்பூரிலோ இருப்பவர் அறிய முடியாது. பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாத கி. ராஜநாராயணன், தாமே வீட்டில் தெலுங்கு பேசும் கரிசல்காட்டு விவசாயியாக இருந்து, 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தமிழுக்குத் தந்தார். அகராதியியலின் நுட்ப விதிகளைக் கொண்டு அதில் குறை காணலாம். ஆனால் அத்தரவு மையத்திலிருந்து வந்திருக்காது என்பதை மறுக்க முடியாது.

கலைச்சொல் குழப்பம் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் 'ஒலியன்' என்பார், மற்றவர் 'ஒலியம்' என்பார். 'உருபன்' என்றும் 'உருபம்' என்றும் எழுதுவோர் உண்டு. இதைத் தீர்க்க மையம் வேண்டும் என்கிறார்கள். இலங்கையில் எம். ஏ. நுஃமான் 'அடிப்படைத் தமிழ் இலக்கண'த்தை மொழியியல் நோக்கில் எழுதியபோது எந்தத் தமிழக மையத்தின் ஆணைக்கும் காத்திருக்கவில்லை. இணையப் பாடத்தில் ஒரு சொல்லுக்கு அருகே மற்றதையும் குறித்துவைப்பது ஒரு வரி வேலை.

4. நேரமில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தை எது தின்கிறது? ஒரே மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு ஊர்களின் ஆசிரியர்கள் ஒரே தாளுக்குத் தனித்தனியே குறிப்பெழுதி, தனித்தனியே நகலெடுத்து, ஆண்டுதோறும் அதையே மீண்டும் செய்கிறார்கள். கூட்டுப் பாடப்பொருள் புதிய சுமையாகத் தோன்றுவது, இப்பழைய சுமை கணக்கில் வராததால்தான். எனினும் பகிர்வை வலியுறுத்துவோரும் இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது: இவ்வேலை தானே நடக்காது. புதிதாகப் பாடம் உருவாக்கியதைப் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் காட்டிவிடலாம். பிறர் எழுதிய பயிற்சி ஒன்றில் இருந்த பிழையைத் திருத்தியது அக்கணக்கில் எளிதில் ஏறாது. திருத்தம் பணியாக மதிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் புதிதாகத் தொடங்கவே விரும்புவர், தொடங்கியவை பாதியில் நிற்கும். இது நிருவாகம் செய்யவேண்டிய மாற்றம். ஆசிரியரின் தொண்டு மனப்பான்மையிடம் கேட்டுப் பெறத்தக்கதன்று.

5. கருவியும் இணைப்பும் இல்லை என்ற தடைக்கு நீண்ட பதில் தேவையில்லை. நீண்ட காணொளிதான் கைப்பேசித் தரவை விழுங்கும். எழுத்தும், சில விநாடி ஒலிப்பதிவும், சொற்பட்டியலும் விழுங்கா. ஆம்ஸ்டர்டாமில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்னும் ஒலியாய்வு மென்பொருள் இலவசமானது, பழைய கணினியிலும் ஓடக்கூடியது.

6. அப்படியானால் எல்லாவற்றையும் பதிவு செய்து திறந்து வைத்துவிடலாமா? கூடாது. இது மையவாதிகளுக்குச் சொல்லும் மறுப்பன்று. பகிர்வின் ஆர்வலர்களுக்குச் சொல்லவேண்டியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே மலைச்சரிவுகளில் வாழும் பளியர்களின் பேச்சு, தமிழுக்கு மிக நெருங்கியதாயினும் தனக்கெனக் கூறுகள் உடையது. மொழிக்கும் கிளைமொழிக்கும் எல்லை எது என்ற வினாவுக்கு அதைவிட நல்ல சான்று வகுப்புக்கு அருகில் கிடைக்காது. ஆனால் அம்மலைப்பகுதி 1988 முதல் நரை அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். முதியவர் ஒருவர் தேனெடுக்கப் போன கதையைச் சொல்லும் ஒலிப்பதிவு மொழியியல் மாணவருக்கு வினைமுற்றுகளின் தொகுப்பு. வேறொருவருக்கு அது இன்னார் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் சென்றார் என்பதற்கான சான்று. பேசியவர் எதற்காகப் பேசினார், எங்கே அது கேட்கப்படும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதா, பின்னாளில் நீக்கச் சொன்னால் நீக்க வழியுண்டா என்பவை முடிவாகாமல் எந்தப் பதிவும் பொதுவெளிக்கு வரலாகாது.

வகுப்புக்குள்ளேயே இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. 'உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்ற எளிய வினா தமிழ்நாட்டில் பல வேளைகளில் சாதியைக் கேட்பதாகவே முடியும். 1960-களின் தமிழ்க் கிளைமொழி ஆய்வுகள் பிராமணர் வழக்கு, பிராமணரல்லாதார் வழக்கு என்று வெளிப்படையாகவே பகுத்தன. ஆய்வாளருக்கு அது வகைப்பாடு, வகுப்பறையில் எழுந்து நின்று பதில் சொல்லும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது அடையாளம். ஆகவே மாணவர் தரவைப் பெயரின்றித் தருவதற்கும், தராமலே பயிற்சியை முடிப்பதற்கும் பாடப்பொருள் வழி வைக்க வேண்டும். மையப் பாடத்தில் இச்சிக்கல் எழுவதில்லை என்று பெருமை கொள்வோர் உண்டு. மாணவரின் பேச்சை அது கேட்பதே இல்லை என்பதால்தான் எழுவதில்லை. கேட்காமையைக் கண்ணியம் என்று கொள்ள முடியாது.

கேட்காமையின் விளைவும் சிறிதன்று. 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு என்னும் கருத்தை, அதாவது ஒரே சமூகம் எழுத்துக்கும் பேச்சுக்கும் வெவ்வேறு மொழிவடிவங்களை மேல் கீழாக வைத்துப் புழங்குவதை, அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டியின் மொழிநிலை ஆகிய நான்கைக் கொண்டு விளக்கினார். அறிமுகப் பாடங்களில் அந்நான்குமே இன்றும் முதலில் வருகின்றன. மார்கழி முழுவதும் ஆண்டாளின் பாசுரங்கள் ஒலிக்கும் ஊரில், அவற்றுக்குப் பெரியவாச்சான் பிள்ளை இயற்றிய மணிப்பிரவாள உரையின் மரபு தொடரும் ஊரில், தெருவில் தென்தமிழும் பல வீடுகளில் தெலுங்கும் காதில் விழும் ஊரில், ஹைட்டியை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் பெறும் மாணவர் எதைக் கற்றுக்கொள்கிறார்? மொழியியல் என்பது பிறருடைய மொழிகளைப் பற்றியது. தம் வீட்டுப் பேச்சு கொச்சை. அதைத் திருத்திக்கொள்ளலாம், ஆராய முடியாது. இத்துறை எதை உடைக்கப் பிறந்ததோ அந்த எண்ணத்தை அதன் அறிமுகத் தாளே உறுதி செய்து அனுப்புகிறது.

7. 'தேர்வில் வரையறைதானே கேட்கிறார்கள், இவையெல்லாம் எதற்கு?' என்பது இறுதியாகச் சொல்லப்படுவதும் பல ஆசிரியர்கள் மனமாரச் சொல்வதும் ஆகும். வினாத்தாள் இப்போதிருக்கும் வடிவத்தில் நீடிக்கும்வரை எவ்வளவு நல்ல பாடப்பொருளும் நூலகத்தின் மூலையில் கிடக்கும் என்பது சரியே. ஆனால் அது வினாத்தாளை மாற்றுவதற்கான காரணமே தவிர, பாடப்பொருளைக் கைவிடுவதற்கானதன்று. ஒலியனை வரையறுக்கச் சொல்வதற்குப் பதிலாக, பத்துச் சொற்களைக் கொடுத்து எந்த ஒலிகள் ஒலியன்கள், எவை மாற்றொலிகள் என்று காரணம் காட்டச் சொல்லலாம். மாணவர் தம் பேச்சிலிருந்து சொற்களைத் தர அனுமதிக்கலாம். அப்போது எல்லா விடைத்தாளிலும் விடை ஒன்றாக இராது, மதிப்பிடுவது கடினம் என்பார்கள். இயற்பியலிலும் வேதியியலிலும் தாவரவியலிலும் மாணவருக்கு மாணவர் அளவீடுகள் வேறுபடும் செய்முறைத் தேர்வுகள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. பருவம் முழுவதும் எழுதிய பதிவேட்டோடு மாணவர் வருகிறார், வெளித்தேர்வாளர் ஒருவரும் உள்தேர்வாளர் ஒருவரும் சேர்ந்து இருந்து மதிப்பெண் இடுகிறார்கள். மொழியியல் தாளுக்கும் அத்தகைய பதிவேடு ஒன்றை வைத்து, ராஜபாளையத்துப் பதிவேட்டை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியரும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பதிவேட்டை ராஜபாளையத்து ஆசிரியரும் பார்த்து மதிப்பிடுவதென்று பாடத்திட்டக் குழு ஒரு தீர்மானம் போட்டால், கூட்டுப் பாடப்பொருளின் முதல் தொகுதிக்கு வேண்டிய தரவு அந்தப் பருவத்தின் இறுதியிலேயே, மாணவரின் ஒப்புதலோடு, இரு ஊர் ஆசிரியர்களின் கையில் இருக்கும்.